சலுகை அல்ல, கூலி!

நண்பர் ஒருவருக்குக் கோட்டக்குப்பத்தில் வீடு. புதுச்சேரியில் ஒரு சிறு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை. நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் சட்ட வகுப்பு எடுப்பது நல்ல தொழிலாகிவிட்டது. அப்படி ஒரு வகுப்புக்கு நிறுவனமே பணம் கட்டி அவரை அனுப்பியிருக்கிறது. அங்கே கொடுத்த கையேட்டை என்னிடம் காட்டினார்.

முதல் அத்தியாயத்தின் தலைப்பு ‘பணியாளர் சலுகைகளின் வரலாறு’. மொத்தம் ஒன்றரைப் பக்கம். அதில் தொழிற்புரட்சி இருக்கிறது. ஜெர்மனியின் பிஸ்மார்க் இருக்கிறார். தொலைநோக்குள்ள முதலாளிகள் இருக்கிறார்கள். பிறகு ஆண்டுவாரியாகச் சட்டங்களின் பட்டியல். ஒரு வேலைநிறுத்தம் இல்லை. ஒரு துப்பாக்கிச்சூடு இல்லை. சாதி என்ற சொல் மருந்துக்கும் இல்லை.

“எல்லா விவரமும் சரியாத்தானே இருக்கு, இதுல என்ன குறை?” என்று நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

யார் கொடுத்த சலுகை?

முதல் குறை அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. ‘சலுகை’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது அவர்கள் நாக்கில் முதலில் வருவது அதுதான். நூற்றாண்டுகளாகப் பறிக்கப்பட்டதில் ஒரு பகுதியைச் சட்டத்தின் வழியே திரும்பப் பெற்றால் அதற்குப் பெயர் சலுகை. மாதம் முழுக்க உழைத்த கூலியில் ஒரு பகுதி முதுமைக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டால் அதற்கும் பெயர் சலுகை. கொடுப்பவரை வள்ளலாக்கி, வாங்குபவரைக் கையேந்துபவராக ஆக்குகிற சொல் இது.

வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் தங்கள் ஆஃபர் லெட்டரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சி.டி.சி. என்று ஒரு பெரிய தொகை போட்டிருக்கும். அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். மட்டுமல்ல, நிறுவனம் தன் பங்காகக் கட்டுகிற 12 விழுக்காடும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். பல நிறுவனங்களில் பணிக்கொடைக்கென்று 4.81 விழுக்காடும் இருக்கும். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவராக இருந்தால் முதலாளியின் 3.25 விழுக்காட்டையும் சேர்த்திருப்பார்கள். உங்களை வேலைக்கு எடுக்கும்போது இது அத்தனையும் ‘உன் சம்பளம்’. பேச்சு மேடைக்குப் போனால் அதே தொகை ‘நாங்கள் தரும் சலுகை’. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. அவர்கள் கணக்குப் புத்தகம் சொல்வதுதான் உண்மை: இது கூலி. கைக்கு வராமல் தள்ளிவைக்கப்பட்ட கூலி.

முதலாளிகளுக்கான முதல் சட்டம்

கையேட்டின் பட்டியலில் விடுபட்டுப்போன ஒரு சட்டம் உண்டு. 1859ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்த மீறல் சட்டம். கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவரை நீதிபதி முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடித்துக் கொடு என்று நீதிபதி உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை கிடையாது.

தென்னிந்தியத் தோட்டங்களில் இந்தச் சட்டம் தாராளமாகப் பயன்பட்டது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறியவர்களில் பெரும் பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். ஊரில் பண்ணையடிமையாகக் கிடந்தவர்கள் சாதியிலிருந்து தப்பிப் போனார்கள். போன இடத்தில் சட்டம் அவர்களைக் கட்டிப்போட்டது. 1925இல்தான் அதை ரத்து செய்யும் சட்டம் நிறைவேறியது. ஆக, இந்த நாட்டில் முதலாளிக்கான வேலைச் சட்டத்தின் வரலாறு சலுகையில் தொடங்கவில்லை. சிறையில் தொடங்கியது.

எல்லைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர்

நண்பரின் வீட்டிலிருந்து நடந்தே முத்தியால்பேட்டைக்குப் போய்விடலாம். கோட்டக்குப்பம் தமிழ்நாடு, முத்தியால்பேட்டை புதுச்சேரி. இன்று அந்த எல்லையைக் கடப்பவர்களுக்குச் சாராய விலையும் பெட்ரோல் விலையும்தான் நினைவுக்கு வரும். 1930களில் அது இரண்டு பேரரசுகளின் எல்லை. இந்தப் பக்கம் பிரிட்டிஷாரின் தென்னார்க்காடு மாவட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சிந்தியா.

அந்தப் பக்கம் சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். குழந்தைகளும் வேலை செய்தார்கள். பெண்களும் இரவு வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் வேலை. சங்கம் வைக்க உரிமை கிடையாது. வ.சுப்பையாவும் தோழர்களும் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். 1936 ஜூலையில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் பிரெஞ்சுப் படை சுட்டது. 12 தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள்.

அந்த ஆண்டு பாரிசில் ஆட்சியில் இருந்தது யார் தெரியுமா? சோஷலிஸ்டான லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு. அதற்கு முந்தைய மாதம்தான் பிரான்சின் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி அமர்ந்து, கூலி உயர்வையும் சங்க உரிமையையும் வென்றிருந்தார்கள். வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுப்பும் அங்கே சட்டமாயின. பாரிஸ் தொழிலாளிக்கு விடுப்பு, புதுச்சேரித் தொழிலாளிக்குத் தோட்டா. அரசாங்கம் ஒன்றுதான்.

பன்னிரண்டு உயிர்களுக்குப் பிறகு, 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் ஆணையாக வந்தன. அதே ஆண்டில் கோட்டக்குப்பம் இருந்த பிரிட்டிஷ் பக்கத்தில், 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் பத்து. முதலாளியின் தொலைநோக்கு எல்லைக்கோட்டில் திடீரென்று மாறிவிடுமா என்ன? அந்தப் பக்கம் போராட்டம் நடந்தது, ரத்தம் சிந்தப்பட்டது. மாறியது அதனால்தான்.

கையேட்டில் பிஸ்மார்க்குக்கு இடம் இருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் செத்த பன்னிரண்டு பேருக்கு இல்லை.

பெயர் சொல்லப்படாத இரண்டு அமைச்சர்கள்

கையேட்டில் 1946 முதல் 1952 வரையிலான சட்டங்கள் வரிசையாக வருகின்றன. வாரம் 48 மணி நேர வேலை, தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம், வருங்கால வைப்புநிதிச் சட்டம். இன்றைக்கும் நம் சம்பளச் சீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்த ஆறு ஆண்டுகள்தான். அப்போது தொழிலாளர் துறை யார் கையில் இருந்தது?

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர். வாரம் 54 மணி நேரத்தை 48 ஆக்கிய 1946ஆம் ஆண்டுத் திருத்தம் அவர் காலத்தில் வந்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை அறிமுகம் செய்தவரும் அவரே. அதற்கும் முன்பு, 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து வாதாடினார். அவருக்குப் பிறகு 1952 வரை தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இ.எஸ்.ஐ. ஆகிய மூன்றும் 1948இல், வைப்புநிதிச் சட்டம் 1952இல், அவர் பொறுப்பில் நிறைவேறின.

இருவரும் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். இருவருக்கும் அரசியலில் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இந்தியத் தொழிலாளியின் பாதுகாப்புச் சட்டங்கள் அந்த இரண்டு மேசைகளைத் தாண்டித்தான் வந்தன. இடஒதுக்கீட்டைச் சலுகை என்று ஏசுகிற ஒருவர் மாதாமாதம் தன் பி.எஃப். இருப்பைக் கைபேசியில் பார்த்து மகிழ்கிறார் என்றால், யார் சலுகையில் யார் வாழ்கிறார் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

கோடு எங்கே போடப்பட்டது?

இத்தோடு நிறுத்தினால் நாமும் இன்னொரு பெருமைப் பட்டியல் எழுதியவர்கள் ஆவோம். அந்தச் சட்டங்கள் யாரைச் சேர்த்தன, யாரை வெளியே நிறுத்தின என்பதுதான் சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு முக்கியமான கேள்வி.

வைப்புநிதித் திட்டம் தொடங்கியபோது ஆறு தொழில்களுக்கு மட்டும்தான் பொருந்தியது, அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில். பிறகு தொழில்கள் கூடின, எண்ணிக்கை 20க்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். ‘நிறுவனம்’, ‘தொழிலாளி’, ‘எண்ணிக்கை’ என்று சட்டம் கோடு போட்டது. கோட்டுக்கு உள்ளே ஆலை, அலுவலகம். வெளியே வயல், செங்கல் சூளை, கட்டுமான வேலை, வீட்டு வேலை. இந்தக் கோட்டை நம் ஊர் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அது ஊருக்கும் சேரிக்கும் நடுவில் போகும்.

1937இல் எட்டு மணி நேர ஆணை வந்ததே, அது எல்லைக்கு அந்தப் பக்கம் வயலில் நாற்று நட்டவருக்குப் பொருந்தவில்லை. தெருக்கூட்டியவரும் மலம் அள்ளியவரும் பஞ்சாலைத் தொழிலாளியாகக் கணக்கில் வரவில்லை. எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறியது. சாதி மாறவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய தந்திரமும் அல்ல. அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விலக்கி வைத்தார்கள். சட்டத்தில் கறுப்பர் என்ற சொல்லே இல்லை. ஆனால் அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். எழுதியவர்களின் உள்நோக்கம் பற்றி வரலாற்றாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். விளைவைப் பற்றி வாதமே இல்லை.

நம் தொழிற்சங்கங்களும் இந்தக் கோட்டைக் கேள்வி கேட்டதைவிட அதற்குள் வசதியாக உட்கார்ந்த காலமே அதிகம். பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோருக்கு இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், அதனால் தீட்டு. அதை எதிர்த்து அம்பேத்கர் தனியாகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. சென்னையில் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் இடையிலான மோதலாக முடிந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சாதியைப் பேசாமல் வர்க்கத்தைத் திரட்டலாம் என்று நம்பியதற்குக் கிடைத்த விலை அது. அந்தப் பாடத்தை நாம் முழுதாகப் படித்துவிட்டோமா என்ன?

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் கூலி கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் கீழ்வெண்மணி போதும். 1968 டிசம்பர் 25. நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டு, சங்கக் கொடி பிடித்ததற்காக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, அதுவும் கிழக்குத் தஞ்சைக்கு. அந்தக் கையேட்டுக்காரர்கள் அதையும் ‘சலுகைகளின் வரலாறு’ என்றுதான் எழுதுவார்களா?

துடைப்பம் ‘மையப் பணி’ அல்லவாம்

இப்போது புதிய தொகுப்புகளுக்கு வருவோம். 29 சட்டங்களை நான்காகச் சுருக்கிவிட்டோம், நவீனமாக்கிவிட்டோம் என்கிறது ஒன்றிய அரசு. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம், குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற செயலிவழித் தொழிலாளர்களின் பெயர் முதன்முறையாகச் சட்டத்தில். இவை இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்கிற கையையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது, இப்போது 20. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேருக்குப் பொருந்தியது, இப்போது 50. அரசின் அனுமதி இல்லாமல் ஆலையை மூட 100 பேருக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றிருந்தது, இப்போது 300. தொழிலாளர் ஆய்வாளரின் பதவிப் பெயரிலேயே முதலாளிக்கு உதவி செய்பவர் என்ற பொருளையும் ஒட்டிவிட்டார்கள். கோடு மறுபடியும் நகர்ந்திருக்கிறது, இந்த முறை மேலும் பலரை வெளியே தள்ளுகிற திசையில்.

இவற்றைவிடக் கூர்மையான ஒரு பகுதி பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ‘மையப் பணி’களில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது சட்டம். படிக்க நன்றாக இருக்கிறது. பிறகு எவையெல்லாம் மையப் பணி அல்ல என்று ஒரு பட்டியல் வருகிறது. முதல் வரியிலேயே துப்புரவு: கூட்டுதல், கழுவுதல், தூசி துடைத்தல், எல்லா வகைக் கழிவையும் சேகரித்து அகற்றுதல். அடுத்துக் காவல். பிறகு உணவகம், சுமை ஏற்றி இறக்குதல், கூரியர், கட்டுமானம், தோட்ட வேலை, சலவை. அந்த வேலைக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் என்றால் மட்டும் விலக்கு.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். கூட்டுபவர், கழிவு அள்ளுபவர், காவல்காரர், சுமை தூக்குபவர், துணி வெளுப்பவர். மனு சொல்லாததை இது சொல்லிவிட்டதா? இவை ‘மையம்’ அல்லவாம், ஓரமாம். இந்த வேலைகளை இந்த நாட்டில் யார் செய்கிறார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? ஒன்றிய அரசே நமஸ்தே திட்டத்துக்காகக் கழிவுநீர்க் குழாயிலும் மலக்குழியிலும் இறங்குகிற சுமார் 38,000 பேரைக் கணக்கெடுத்தது. 2024இல் வெளிவந்த அந்த விவரப்படி அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அம்பேத்கர் சொன்னது இதைத்தான்: சாதி பிரித்து வைப்பது வேலைகளை அல்ல, வேலை செய்கிற மனிதர்களை. புதிய தொகுப்பு அந்தப் பிரிவினைக்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்திருக்கிறது.

ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் கூட்டிக் கழுவாவிட்டால் அறுவை சிகிச்சை நடக்குமா? ஒரு வாரம் குப்பை அள்ளாவிட்டால் எந்த அலுவலகம் இயங்கும்? இல்லாமல் ஒரு நாளும் நகராத வேலையை மையமல்ல என்று சொல்ல, அதைச் செய்பவரை மனிதராகவே பார்க்காத பழக்கம் வேண்டும்.

நிரந்தரம் கேட்டவர்களுக்குக் காலை உணவு

பழியை முழுக்க டெல்லியில் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது தமிழ்நாடு சட்டமன்றம்தான். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறாவது ஆண்டு அது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்த பிறகு, மே 1 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. சட்டமன்றத்தின் மனம் தானாக மாறவில்லை, தெரு மாற்றியது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குச் சிறப்புத் திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, கடன் மானியம்.

காலை உணவு நல்லதுதான். பசியோடு வேலைக்கு வருபவருக்கு அது பெரிது. ஆனால் அவர்கள் கேட்டது என்ன? வேலை. பணிப்பதிவேடு, நிரந்தர ஊதியம், பி.எஃப்., விடுப்பு, ஓய்வூதியம். உரிமை கேட்டவருக்குச் சலுகை கொடுத்து அனுப்புவது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? சமூகநீதி பேசுகிற அரசுக்கும் அந்தச் சொல் எவ்வளவு எளிதாகப் பழகிவிட்டது பாருங்கள்.

கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஒரு நகராட்சி எதற்காக இருக்கிறது? குடிநீர், தெருவிளக்கு, குப்பை, கழிவுநீர். இவற்றைச் செய்யத்தான். துப்புரவு எந்த நிறுவனத்துக்காவது மையப் பணி என்றால், அது நகராட்சிக்குத்தான். சட்டத்தில் இருக்கிற அந்த ஒரு விலக்கு வரியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு உள்ளாட்சியின் வாசலிலும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் குப்பை அள்ளுபவருக்குச் சம்பளம் தருவது யார், ஒப்பந்தக்காரரா, நகராட்சியா? அவருக்கு பி.எஃப். எண் இருக்கிறதா? பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா? தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் 10 ரூபாய். படித்த இளைஞர்கள் செய்யக்கூடிய முதல் வேலை இது.

இரண்டாவது வேலை நம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐ.டி. நிறுவனத்தில் நமக்கு ஓர் அடையாள அட்டை, நம் மேசையைத் துடைக்கிற அக்காவுக்கு வேறு நிற அட்டை. நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அந்த அக்காவின் பெயர் இல்லையென்றால், நம் சங்கமும் அதே கோட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

நண்பரிடம் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “எங்க ஆபீஸ்ல கூட்டுற அம்மாவும் எங்க ஊருதான், கோட்டக்குப்பத்துல இருந்துதான் வர்றாங்க. அவங்க பேரு எங்க ரிஜிஸ்டர்லயே இல்ல, ஏஜென்சி ஆள்” என்றார். அவர் நிறுவனத்தில் 18 பேர் வேலை செய்வதாகப் பதிவு. பி.எஃப். சட்டத்துக்கு 20 பேர் வேண்டும். அந்த அம்மாவையும் இரண்டு காவலாளிகளையும் சேர்த்து எண்ணினால் 21.

சட்டப்படி ஒப்பந்தக்காரர் வழியாக வருபவரும் எண்ணிக்கையில் சேர வேண்டும். ஆக அந்த 18 என்ற எண்ணில் மறைந்திருப்பது மூன்று பேரின் உரிமை மட்டுமல்ல, நண்பரின் பி.எஃப்.பும்தான். கூட்டுகிற கையை எண்ண மறுக்கும்வரை எழுதுகிற கைக்கும் கூலி முழுதாக வராது. அடுத்த நாள் அலுவலகத்தில் எண்ணத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.